காகம் இல்லாத ஏரியில் ஓர் ஆடி அமாவாசை

மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சோடி காப்பு வாங்கிக் கொடுத்திருந்தால் இவ்வளவு கதையும் இல்லை. அவள்தான் நகை வேண்டாம் என்றாள். சுவீடனின் வடக்கே, காட்டுக்குள் ஏரி ஏரியாகக் கிடக்கிற இடத்தில், ஒரு வாரம் வள்ளம் வலித்துப் போக வேண்டும், நினைத்த கரையில் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும் என்றாள். குழாய் இல்லை, கழிவறை இல்லை, போன் வேலை செய்யாது. அவள் அந்த இடத்தின் குறைகளைச் சொல்கிறாளாக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, அவள் சொன்னதெல்லாம் சிறப்புகளை.

அவள் மலேசியாக்காரி. லண்டனுக்குப் படிக்க வந்து, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து, இங்கேயே தங்கி, போதாததற்கு என்னையும் கட்டிக்கொண்டவள். பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையில் ஊர் உலகம் சவுத்தாலுக்கு மரக்கறி வாங்கப் போனால், இவள் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஏதாவது குளக்கரைக்குப் போவாள். நான் கவுன்சிலில் வாகனத் தரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். கண்ட இடத்தில் காரை விட்டுத் தண்டம் வாங்கியவர்கள் எல்லோரும் போனில் என்னைத்தான் ஏசுவார்கள். போன் வேலை செய்யாத இடம் என்றதும் எனக்கும் உள்ளூர ஆசை வந்துவிட்டது.

டிக்கெட் எடுத்து, லீவும் போட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லப் போனோம். அம்மா ரெய்னர்ஸ் லேனில் அக்கா வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் முழுவதையும் கேட்டார்.

“காட்டுக்கை என்ன வேலை?”

“சும்மாதான் அம்மா. வள்ளம் ஓட. கூடாரத்தில படுக்க.”

“வன்னியில ரண்டு மாரி தறப்பாளுக்குக் கீழ படுத்தனீதானே. அதுக்கு ஆரும் உன்னட்டைக் காசு கேட்டவையோ?”

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு காட்டோரத்தில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தது உண்மைதான். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எத்தினையாம் திகதி போறியள்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா எழுந்து சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைத் திருப்பினார். பக்கத்து மளிகைக் கடையில் வருடா வருடம் சும்மா கொடுக்கிற கலண்டர். என் வீட்டுக் குசினியிலும் அதேதான் தொங்குகிறது. நான் அதைப் பார்க்காமல் போனைப் பார்த்து லீவு போட்டிருந்தேன். அம்மா விரலை ஓர் இடத்தில் வைத்தார், அப்படியே நின்றார்.

“உனக்கு அறிவிருக்கோ?”

ஆடி அமாவாசை. அதுவும் அப்பா போய், ஒரு வருடத்தில் ஆட்டைத் திவசம் முடிந்து வருகிற முதல் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத பிள்ளைகள் அன்றைக்குத் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பட்டினி கிடந்து சமைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் வாய் வைக்கலாம். காகம் எடுத்தால் போனவர் பசியாறினார் என்று அர்த்தம். அந்த நாளில் நான் காட்டுக்குள் நடு ஏரியில் இருப்பேன்.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆர்ச்வேக் கோயிலுக்குப் போனாலும் பாதி மனம் அன்னதானத்தில்தான் இருக்கும். ஆனால் அப்பாவுக்குச் செய்ய எனக்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். முதல் வருடமே பிசகிவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நெஞ்சில் கிடந்து அரிக்கும். டிக்கெட்டையோ மாற்ற முடியாது. அவளுடைய பிறந்தநாளும் அந்த வாரத்தில்தான். அவள்தான் வழி சொன்னாள்.

“அத்தை, அங்கேயே செஞ்சிடலாம். தண்ணி இருக்கு, அடுப்பு மூட்டலாம். நானும் அவரோட சேர்ந்து விரதம் இருக்கேன்.”

அம்மா கோயில் ஐயருக்குப் போன் போட்டார். ஓடுகிற ஆறானாலும் கிடக்கிற குளமானாலும் எல்லாம் தீர்த்தம்தான் என்று ஐயர் பெரிய மனதோடு சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது பாதித் திருப்திதான்.

“தண்ணி சரி. காகம்?”

“காகம் இல்லாத ஊர் உலகத்தில எங்கையம்மா இருக்கு?” என்று சட்டென்று கத்திவிட்டேன். எனக்கு வருகிற கோபத்தில் முக்கால்வாசி நான் பிழை விட்ட நேரத்தில்தான் வரும்.

“கத்தாதை. காகம் எடுக்காமல் நீ ஒரு பருக்கை வாயில வைக்கப்படாது. கொப்பர் பசியோட நிப்பார்.” அப்பாவை அம்மா எப்போதும் ‘கொப்பர்’ என்றுதான் சொல்வார். ஆனால் அன்று அதைச் சொன்னபோது குரல் உடைந்தது.

காட்டுக்குள் போகிறவர்கள் பாரம் குறைக்க என்னவெல்லாம் செய்வார்கள் என்று என் மனைவி படித்து வைத்திருந்தாள். தலை துவட்டுகிற துவாயைப் பாதியாக வெட்டினாள். பல் துலக்குகிற பிரஷின் பிடியைக்கூட வெட்டினாள். அந்த நேரத்தில்தான் அம்மாவின் பை வந்து சேர்ந்தது. அரிசி, பருப்பு, உழுந்து மா, தேங்காய்ப் பால் மா, எள்ளு, வாழைக்காய், அப்பளம், ஆடி அமாவாசைக்கென்றே சமைக்கிற காத்தோட்டங்காய் காயவைத்து ஒரு பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பித்தளைச் செம்பு. அவள் செம்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெட்டிய பிரஷைப் பார்த்தாள். பிறகு பையைக் கட்டினாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான், சண்டை பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்க மாட்டாள். அதைச் சேர்த்து வைத்து வேறோர் இடத்தில் பிடிப்பாள்.

அந்த இடம் முதல் ஏரியின் முடிவில் வந்தது. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை நடுவில் காடு. வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், திரும்பி வந்து பைகளைச் சுமக்க வேண்டும். வேர், கல், சேறு, நுளம்புக் கடி. வாடகைக்கு வள்ளம் தந்த சுவீடன்காரி, நுளம்புக்கு அங்கே கோடையில் வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தலைக்கு மேல் வள்ளம் இருந்ததால் இரண்டு கையும் மேலே. அதை நுளம்புகள் நன்றாக விளங்கிக்கொண்டன.

“செம்பை நீங்களே தூக்குங்க,” என்றாள் அவள், ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி. “பாதித் துவாயை நான் தூக்குறேன்.”

ஆனால் இரண்டாவது ஏரியில் வள்ளத்தை இறக்கி, அவள் பின்னால் இருந்து திருப்ப, நான் முன்னால் இருந்து வலிக்கத் தொடங்கியதும் எல்லாம் மறந்துபோனது. தண்ணீர் தேத்தண்ணீர் நிறம். இரு கரையிலும் பைன் மரங்கள். துடுப்பை எடுத்தால் அதிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்கும், வேறொன்றும் இல்லை. வாகனத் தரிப்புப் பிரிவில் இருக்கிற ஒருவனுக்கு இது எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. முதல் நாள் பின்னேரம் மழை வந்தபோது தறப்பாளைச் சரிவாக இழுத்துக் கட்டி, ஈர விறகின் பட்டையை உரித்து உள்ளே காய்ந்ததைச் சீவி நெருப்பு மூட்டினேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வன்னியில் படித்த படிப்பு ஒருவழியாகச் சபைக்கு வந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை அதிக நேரம் நிற்கவில்லை, காகத்தைக் காணவில்லை.

முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் வாத்து காட்டினாள், கழுகு காட்டினாள், பேய் அழுவதுபோல் ஒரு சத்தம் கேட்டு நான் துடுப்பை நழுவ விட்டபோது அதுவும் ஒரு நீர்ப்பறவைதான் என்றாள். “காகம்?” என்றேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது.

“காக்கா மனுஷங்க இருக்கிற இடத்துலதாங்க இருக்கும். குப்பை, வயல், ரோடு. இவ்வளவு உள்ளே வராதுன்னு நினைக்கிறேன்.”

ரெய்னர்ஸ் லேனில் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறக்கத் தெரிந்த காகங்கள் இருக்கின்றன. அமாவாசை நாளில் ஆர்ச்வேக் கோயில் பக்கம் போனால் காகங்கள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து பந்திக்குக் காத்திருக்கும். அந்தக் காகங்களை நான் வாழ்நாளில் ஒரு நாளும் மதித்ததில்லை. இப்போது வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. காகம் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா என்று நான் கத்தியது வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் அவளே கேட்டாள்: “திரும்பிடலாமா? வள்ளம் எடுத்த இடத்துல வீடுங்க இருக்கு, காக்காவும் இருக்கும். இப்பவே கிளம்பினா நாளைக்கு மத்தியானத்துக்குள்ளே போயிடலாம். எனக்குப் பரவாயில்ல.”

திரும்பினால் அவள் பார்க்க ஆசைப்பட்ட கடைசி ஏரி இல்லை. ‘பரவாயில்லை’ என்று சொல்லும்போது பரவாயில்லாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அமாவாசைக்கு மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள் வேறு. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் இவள். அப்பா இருந்திருந்தால், பிள்ளையின் ஆசையைக் கெடுக்காதே என்றுதான் சொல்லியிருப்பார். மருமகளை அவர் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை, ‘பிள்ளை’ என்றுதான்.

“நீர் வலியும். முன்னுக்குப் போவம். வாறது வரட்டும்,” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று கூடாரத்துக்குள் படுத்தபோதும் வெளியில் காகச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

காலையில் விறைக்கிற தண்ணீரில் மெல்ல மெல்ல இறங்கித் தீர்த்தமாடுவதாகத்தான் திட்டம். அதற்கு முன் படையலுக்கு ஓர் இலை வேண்டும். வாழை இலைக்கு அங்கே எங்கே போவது? ஏரியின் ஓரத்தில் ஆம்பல் இலைகள் மிதந்தன. வள்ளத்தில் கிட்டப் போய், பெரியதாக ஒன்றைப் பார்த்து எட்டிப் பிடித்தேன். தண்டு இவ்வளவு பலமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இலை என்னிடம் வரவில்லை, நான் இலையிடம் போனேன். தலை மூழ்கி எழும்பியபோது அவள் துடுப்பைப் பிடித்தபடி வள்ளத்தில் குனிந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தீர்த்தம் முடிஞ்சிடுச்சு,” என்றாள் மூச்சு வாங்க. “ஐயர்கிட்டச் சொல்லிடலாம்.”

எழும்பி நின்றால் இடுப்பளவுதான் தண்ணீர். வந்த கோபம் அவள் சிரிப்பில் போய்விட்டது. குளிரில் பல் அடிக்க, அங்கேயே கிழக்கைப் பார்த்து நின்று, அவள் வள்ளத்திலிருந்து எடுத்துத் தந்த செம்பில் தண்ணீர் அள்ளி, எள்ளோடு விட்டேன். அப்பாவின் பெயரைச் சொன்னபோது பல் அடிப்பது நின்றது. ஏன் என்று தெரியாது.

பிறகு சமையல். விறகு அடுப்பில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, காத்தோட்டங்காய், நாலைந்து உழுந்து வடை, அப்பளம். காட்டில் காடாகக் கிடந்த நீலப் பெரிப் பழங்களை அவள் பிடுங்கி வந்து தயிர் இல்லாத பச்சடி மாதிரி ஏதோ செய்தாள். எல்லாம் பட்டினி வயிற்றோடு. தட்டையான ஒரு பாறையில் ஆம்பல் இலையை விரித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்து, நெய் விட்டுக் கும்பிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டேன்.

“கா... கா...”

ஒன்றும் இல்லை. அக்கரையில் பட்டு என் சத்தமே திரும்பி வந்தது.

“கா... கா... கா...”

அந்த நேரம் பார்த்து ஒரு வள்ளம் வந்தது. வயதான சுவீடன் தம்பதி. துடுப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்கள். நெற்றியில் விபூதியும் இடுப்பில் வேட்டியுமாக ஒருவன் பாறையில் நின்று காட்டைப் பார்த்துக் கத்துகிறான். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மிகுந்த மரியாதையோடு இருவரும் கையைத் தூக்கி, “கா! கா!” என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் கையைத் தூக்கினேன், வேறென்ன செய்வது?

நேரம் போனது. அப்பளம் நமுத்தது. அவள் விறகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது. நான் கத்துவதை விட்டுவிட்டேன். எனக்குப் பசி இல்லை, பயம்தான் இருந்தது. அப்பா எங்கோ பசியோடு நிற்கிறார் என்று அம்மா சொன்னதை நான் நம்பத் தொடங்கியிருந்தேன். நம்பாதவன் மாதிரி இவ்வளவு காலமும் நடந்தவன் நான்.

“அசையாதீங்க,” என்றாள் அவள் மெதுவாக.

பைன் கிளையில் ஒரு பறவை. மைனாவை விடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் பழுப்பு உடம்பு, வால் மட்டும் செம்பு நிறம். சத்தமே இல்லாமல் பாறைக்கு இறங்கியது, எங்களை ஒரு பார்வை பார்த்தது, ஒரு வடைத் துண்டைக் கவ்வியது. அவள் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினாள்.

“இது காகமில்லையே,” என்றேன் வாய்க்குள்.

“காக்கா குடும்பந்தாங்க. ஜே. வடக்குக் காட்டு ஜே.”

“குடும்பம் எண்டாப் போல? எங்கட குடும்பத்தில கனடாவிலயும் ஆக்கள் இருக்கினம். எனக்குப் பதிலா அவையை அனுப்பினா அம்மா ஓம் எண்டுவாவோ?”

“சும்மா இருங்க.”

அந்தப் பறவை வடையைத் தின்னவில்லை. நேரே ஒரு பைன் மரத்துக்குப் போய், பட்டை வெடித்த இடத்துக்குள் அதைச் செருகியது. மேலே கொஞ்சம் பாசியை இழுத்து மூடியது. திரும்பி வந்து நெய்ச் சோற்றைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போனது. அங்கேயும் ஒளித்தது. இப்படியே இலையில் இருந்ததை எல்லாம் ஒரு வாய்கூடத் தின்னாமல் காடு முழுக்க ஒளித்து வைத்துவிட்டுப் பறந்து போய்விட்டது.

“பனிக் காலத்துக்குச் சேர்த்து வைக்குது,” என்றாள் அவள்.

“எடுத்தது. ஆனா சாப்பிடேல்லை.”

“எடுத்தா போதாதா?”

எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள் என்று தெரிந்ததால் சோற்றைப் போட்டேன். பசி ருசி அறியாது என்பார்கள், வழித்துச் சாப்பிட்டோம். காத்தோட்டங்காயின் கசப்பை அவள் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். மறுநாள் கடைசி ஏரிக்குப் போனோம். அது நடுவில் தீவும், தீவில் ஒரே ஒரு மரமுமாக அழகாகத்தான் இருந்தது. அவள் வள்ளத்தில் இருந்தபடியே அழுதாள், சந்தோஷத்தில். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் மனதில் பாதி அந்தப் பாறையிலேயே நின்றது.

லண்டனுக்கு வந்து பையைக்கூடப் பிரிக்காமல் அம்மாவிடம் போனோம். பொய் சொல்லிவிடலாம் என்று வழி முழுக்க யோசித்தேன். அம்மா குசினிக் கதிரையில் இருந்தார். எப்படி இருந்தது, சுகமாக வந்தீர்களா என்ற பேச்சே இல்லை.

“காகம் எடுத்ததோ?”

வாய் வரை வந்த பொய் அப்படியே நின்றுவிட்டது. “காகம் வரேல்லை அம்மா. வேறொரு குருவி வந்தது. அதுவும்...”

“அதுவும்?”

“நான் காட்டுறேன் அத்தை,” என்று மனைவி போனை நீட்டினாள்.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பறவை வடையைக் கவ்வியது, மரத்துக்குப் போனது, பட்டைக்குள் செருகியது, பாசியால் மூடியது. திரும்பி வந்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீடியோ முடிந்தது.

“ஒரு வாய் தன்னும் தின்னேல்லையோ?”

“இல்லையம்மா. எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சுப்போட்டுப் பறந்திட்டுது.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அப்ப அது கொப்பர்தான்,” என்றார். “வன்னியில நிவாரணம் தந்தா தன்ர பங்கைச் சாப்பிட மாட்டார். பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு, ஒரு தகரப் பேணிக்கை போட்டு மரப் பொந்துக்கை ஒளிச்சு வைப்பார். அடுத்த நாள் அதைக் கொண்டந்து, இண்டைக்கும் தந்தவங்கள் எண்டு உங்கள் ரண்டு பேருக்கும் தருவார். சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். நீங்கள் ஒவ்வொரு நாளும் நிவாரணம் வருதெண்டு துள்ளிக்கொண்டு திரிஞ்சியள்.”

நான் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்தக் காலத்தில் எனக்குப் பசித்ததாக ஒரு நினைவும் இல்லை. எங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்று லண்டனில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். என் மனைவி என் தோளில் கை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அம்மா முந்தானையால் போனைத் துடைத்து மருமகளிடம் நீட்டினார்.

“இன்னொருக்காப் போடு பிள்ளை,” என்றார்.